ஹச்சிகோவைப் பார்த்து அகிதா வளர்க்கலாமா?



தோக்கியோ நகரில் ஷிபுயா ரயில் நிலையத்துக்கு வெளியே வெண்கலத்தில் ஒரு நாய் உட்கார்ந்திருக்கிறது. விடுமுறைக்கு ஜப்பான் போய் வந்த உறவினர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அவருடைய கைத்தொலைபேசியை வாங்கிப் பாருங்கள். அந்தச் சிலையோடு எடுத்த படம் ஒன்று கண்டிப்பாக இருக்கும். வரிசையில் நின்று எடுத்த படம் என்று பெருமையாகவும் சொல்வார். இறந்துபோன எஜமானர் வருவார் என்று ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த நிலையத்துக்கு வந்து காத்திருந்த ஹச்சிகோவின் சிலை அது. அகிதா என்ற இனத்தைச் சேர்ந்த நாய்.

அதே உறவினர் விமானம் ஏறிச் சாங்கியில் இறங்கியதும் கதை மாறிவிடுகிறது. சிங்கப்பூருக்குள் அகிதா நாயை இறக்குமதி செய்ய அனுமதி கிடையாது. பிட் புல், தோசா போன்ற நாய்களோடு ஒரே பட்டியலில் அகிதாவின் பெயரும் இருக்கிறது. ஏற்கெனவே இங்கே இருப்பவற்றுக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. கருத்தடை செய்ய வேண்டும், மைக்ரோசிப் பொருத்த வேண்டும், ஒரு லட்சம் வெள்ளிக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும், வெளியே அழைத்து வரும்போது கழுத்தில் கயிறும் வாயில் கூடும் இருக்க வேண்டும். வீவக வீட்டில் வளர்க்கும் பேச்சே இல்லை.

அங்கே சிலை, இங்கே தடை. இரண்டும் ஒரே நாய்க்கு! ஜப்பானியர்கள் மிகைப்படுத்துகிறார்களா, சிங்கப்பூர் அதிகாரிகள் பயந்துவிட்டார்களா என்று கேட்கத் தோன்றும். இரண்டு தரப்பும் பார்த்தது ஒரே குணத்தைத்தான். அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அகிதா, ஸ்பிட்ஸ் வகையைச் சேர்ந்த நாய். கூர்மையாக நிமிர்ந்து நிற்கும் காது, முதுகின்மேல் சுருண்டு கிடக்கும் வால், உள்ளே பஞ்சுபோல ஓர் அடுக்கும் வெளியே முரட்டு முடியாக ஓர் அடுக்கும் உள்ள ரோமம். இந்த மூன்றையும் பார்த்தால் ஸ்பிட்ஸ் என்று சொல்லிவிடலாம். சைபீரியாவின் ஹஸ்கி, சீனாவின் சௌசௌ, ஜப்பானின் ஷீபா எல்லாம் இந்தக் குடும்பம். தமிழ்நாட்டில் உறவினர் வீட்டு வாசலில் குரைத்து வரவேற்கும் வெள்ளை நாய், எல்லாரும் பொமரேனியன் என்று சொல்லும் அந்த நாய்கூட இதே குடும்பத்துப் பிள்ளைதான்.

2004ஆம் ஆண்டு சயன்ஸ் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் 85 நாய் இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். ஓநாயின் மரபணுவுக்கு மிக நெருக்கமாக நின்ற சிறிய கூட்டத்தில் அகிதாவும் இருந்தது. ஐரோப்பாவில் மனிதன் தன் வசதிக்கு ஏற்பச் செதுக்கிய நாய்களில் பல, சொன்னதைச் செய்துவிட்டு வாலாட்டும். இந்தப் பழைய கூட்டத்து நாய்கள் சொன்னதைக் கேட்டுக்கொள்ளும், பிறகு யோசிக்கும். வளர்த்தவர்களைக் கேட்டால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள்.

ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷுவின் வடக்கில், ஜப்பான் கடலைப் பார்த்த பக்கம் அகிதா மாநிலம் இருக்கிறது. குளிர்காலத்தில் ஆள் உயரத்துக்குப் பனி குவியும் மலைப்பிரதேசம். அங்கே மத்தாகி எனப்படும் வேட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கரடியும் காட்டுப்பன்றியும் மலையாடும் வேட்டையாடி வாழ்ந்தார்கள். அவர்களோடு மலை ஏறிய நாய்தான் இன்றைய அகிதாவின் மூதாதை. இப்போதுள்ள அளவு பெரியது இல்லை, நடுத்தர உடம்புதான்.

அந்த நாயின் வேலை என்ன? கரடியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த பிறகு வேட்டைக்காரர் பனியில் கால் புதைய ஏறி வந்து சேரும்வரை அதை நகரவிடாமல் மறித்து நிற்க வேண்டும். எஜமானர் பக்கத்தில் இருக்கமாட்டார். கட்டளை கேட்காது. எப்போது பாய்வது, எப்போது விலகுவது என்று நாயே முடிவு செய்ய வேண்டும். பயந்து ஓடுகிற நாயால் அங்கே பயனில்லை. கண்டதற்கெல்லாம் குரைக்கும் நாயாலும் பயனில்லை. இப்படிப் பல நூறு குளிர்காலங்கள் கழிந்தால் என்ன மிஞ்சும்? அதிகம் சத்தம் போடாத, பின்வாங்காத, தன் புத்தியை நம்புகிற ஒரு நாய் மிஞ்சும்.

இந்த இனத்தின் தாய்வீடு என்று சொல்லப்படும் ஊருக்கு ஓடாத்தே என்று பெயர். தமிழ்க் காதில் ‘ஓடாதே’ என்றே விழுகிறது. பெயர்ப் பொருத்தம் பார்த்து வைத்ததுபோல் இருக்கிறது!

அந்த ஓடாத்தேயில்தான் அடுத்த அத்தியாயம் தொடங்கியது. அது அவ்வளவு அழகானது இல்லை. ஊரில் நாய்ச்சண்டை பெரிய பொழுதுபோக்கு. நம் ஊர்களில் சேவல் கட்டு இருந்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1868இல் மெய்ஜி ஆட்சி வந்து ஜப்பானின் கதவுகள் திறந்த பிறகு, மேற்கத்திய பெருநாய்களும் தோசா என்ற சண்டை நாயும் அகிதாவோடு கலக்கப்பட்டன. உடம்பு பெருத்தது, பலம் கூடியது. கூடவே ஸ்பிட்ஸ் முகம் மங்கத் தொடங்கியது. காது தொங்கிய, வால் நேராக நின்ற அகிதாக்கள் பிறந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாய்ச்சண்டை தடை செய்யப்பட்டது. ஆனால் அதற்குள் இன்னொரு நாயைக் கண்டால் விட்டுக்கொடுக்காத குணம் இரத்தத்தில் ஏறிவிட்டது.

பழைய நாயைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வந்தது. 1931இல் ஜப்பானிய அரசாங்கம் தேர்ந்தெடுத்த ஒன்பது நாய்களை வைத்து அகிதாவை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தது. கோயிலையும் மலையையும் பழைய மரத்தையும் பாதுகாப்பதுபோல ஒரு நாயைப் பாதுகாக்கும் சட்டம்!

இந்தக் காலகட்டத்தில்தான் ஹச்சிகோ வருகிறது. 1923 நவம்பரில் ஓடாத்தேயில் பிறந்தது. அடுத்த ஜனவரியில் குட்டியாக ரயிலேற்றித் தோக்கியோவுக்கு அனுப்பினார்கள். வாங்கியவர் ஹிதேசபுரோ உவெனோ, தோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் வேளாண் பொறியியல் பேராசிரியர். அவர் வெளியே போய்த் திரும்பும்போது ஷிபுயா நிலையத்தில் போய் நிற்பது நாயின் வழக்கமானது. 1925 மே மாதம் பேராசிரியர் பல்கலைக்கழகத்தில் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்துபோனார்.

இருவரும் சேர்ந்து இருந்தது எவ்வளவு காலம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 16 மாதங்கள். காத்திருந்தது பத்து ஆண்டுக்குச் சற்றுக் குறைவு.

நாயை உறவினர் வீடுகளுக்கு மாற்றி மாற்றி அனுப்பினார்கள். எங்கும் நிலைக்கவில்லை. கடைசியில் ஷிபுயாவுக்கு அருகில் குடியிருந்த, பேராசிரியரிடம் தோட்டவேலை பார்த்தவர் அதை ஏற்றுக்கொண்டார். அங்கிருந்து நாள்தோறும் நிலையத்துக்கு நடந்தது. இங்கே ஒரு விஷயத்தைத் திரைப்படங்கள் மெல்லக் கடந்துவிடுகின்றன. நிலையத்தில் ஹச்சிகோவுக்கு யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. அடித்து விரட்டியவர்கள் உண்டு. சிறுவர்கள் அதன் முகத்தில் மையால் கிறுக்கி விளையாடினார்கள். பெரிய உடம்பும் கூரிய பல்லும் உள்ள நாய் அத்தனையையும் பொறுத்துக்கொண்டது. 1932 அக்டோபரில் தோக்கியோ ஆசாஹி நாளிதழில் அதன் கதை வெளிவந்தது. ஜப்பானிய நாய்களை ஆராய்ந்துவந்த ஹிரோக்கிச்சி சைத்தோ என்பவர்தான் அதற்குக் காரணம். அடுத்த நாளிலிருந்து நிலைமை தலைகீழானது. கல்லெறிந்த கைகளே தீனி கொடுத்தன. 1934 ஏப்ரலில் சிலை திறந்தார்கள். திறப்பு விழாவுக்கு ஹச்சிகோவும் வந்திருந்தது! உயிரோடு இருக்கும்போதே தன் சிலையைப் பார்த்த நாய் உலகத்தில் வேறு எத்தனை இருக்கும்? 1935 மார்ச் 8ஆம் தேதி அது இறந்தது.

அது எஜமானருக்காக வரவில்லை, நிலையத்துக்கு அருகே விற்ற கோழி வறுவலுக்காகத்தான் வந்தது என்று சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அதன் வயிற்றில் யாக்கித்தோரி குச்சிகள் இருந்தது உண்மை. பாதுகாத்து வைக்கப்பட்ட உள்ளுறுப்புகளைத் தோக்கியோ பல்கலைக்கழகத்தினர் மீண்டும் ஆராய்ந்து, இருதயத்திலும் நுரையீரலிலும் புற்றுநோய் இருந்ததாக 2011இல் அறிவித்தார்கள். அதாவது உயிரைப் பறித்தது குச்சிகள் அல்ல. ஆனால் கோழி கிடைக்கும் என்று வந்த நாய், கோழி கொடுக்காமல் அடித்த அந்த ஏழு ஆண்டுகள் ஏன் வந்தது? அதற்குக் கோழிக் கட்சிக்காரர்களிடம் நல்ல பதில் இல்லை.

ஹச்சிகோவின் புகழ் கடல் கடந்தது. பார்வையும் செவிப்புலனும் இழந்த அமெரிக்க எழுத்தாளர் ஹெலன் கெல்லர் 1937இல் அகிதாவுக்குப் போனபோது ஹச்சிகோவைப் பற்றிக் கேட்டு, அந்த இனத்தின் மேல் ஆசைப்பட்டார். அவருக்கு ஒரு குட்டியைப் பரிசாகக் கொடுத்தார்கள். அமெரிக்கா போன சில மாதங்களில் அது டிஸ்டெம்பர் நோயால் இறந்துவிட்டது. 1939இல் இன்னொரு நாயை அனுப்பிவைத்தார்கள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த நாட்டில்தான் அடுத்த சில ஆண்டுகளில் அகிதா அழியும் நிலைக்கு வந்தது. போர் முற்றியது, உணவுக்குப் பஞ்சம். படைவீரர்களின் குளிர்காலச் சட்டைக்கு நாய்த்தோல் பயன்பட்டது. இராணுவத்துக்கு உதவும் ஜெர்மன் ஷெப்பர்டுகளைத் தவிர மற்ற நாய்களைப் பிடித்து ஒப்படைக்கும்படி காவல்துறை உத்தரவிட்டது. ஷிபுயாவில் நின்ற ஹச்சிகோ சிலையையும் உலோகத்துக்காகக் கழற்றி உருக்கினார்கள். விசுவாசத்தின் அடையாளம் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் வைத்த நாயின் இனத்துக்கே இந்தக் கதி.

தப்பித்தவை எப்படித் தப்பின? சிலர் தங்கள் அகிதாவை ஜெர்மன் ஷெப்பர்டோடு கலந்து, பிறந்த குட்டிகளை ஷெப்பர்டு என்று காட்டிக்கொண்டார்கள். வேறு சிலர் மலைக்குள் கொண்டுபோய் ஒளித்தார்கள். மோரியே சவாத்தாய்ஷி என்ற பொறியாளர் அப்படிப்பட்டவர். மலைப்பகுதியில் மின் நிலைய வேலை பார்த்தவர். நாய் வைத்திருப்பதை அக்கம்பக்கத்தார் ஆடம்பரமாக, ஏன், தேசத் துரோகமாகவே பார்த்த காலத்தில், தன் குடும்பத்துக்கே சோறு போதாத நேரத்தில், அவர் அகிதாவை மறைத்து வளர்த்தார். போர் முடிந்த பிறகும் வாழ்நாள் முழுவதும் அந்த இனத்தை மீட்பதே அவர் வேலையாகிவிட்டது. இந்த இனத்தின் வரலாற்றில் ஹச்சிகோவுக்கு ஒரு சிலை என்றால் இவரைப் போன்றவர்களுக்கு இரண்டு வைக்கலாம்.

போருக்குப் பிறகு ஜப்பானில் மிஞ்சிய அகிதாக்கள் மூன்று வகையாக இருந்தன: பழைய வேட்டை நாயைப் போன்றவை, சண்டை நாயைப் போன்றவை, ஷெப்பர்டு கலந்தவை. அங்கே தங்கியிருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குப் பிடித்தது பெரிய, கனமான, கரடி முகத்து நாய்கள். பலவற்றை ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1972இல் அமெரிக்க நாய்வளர்ப்போர் சங்கம் அந்த இனத்தை ஏற்றுக்கொண்டது. ஜப்பானியர்களோ எதிர்த்திசையில் போனார்கள். மேற்கத்திய இரத்தத்தின் அடையாளங்களை ஒவ்வொன்றாகக் களைந்து, நரிமுகமும் சுருண்ட வாலும் உள்ள பழைய ஸ்பிட்ஸ் வடிவத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். முகத்தில் கரிய நிறம் இருந்தால் அங்கே தள்ளுபடி. அமெரிக்காவில் எந்த நிறமும் சரி. ஒரே பெயரில் இரண்டு நாய்களாகிவிட்டன. அதனால் அனைத்துலக நாய் சம்மேளனம் 2000ஆம் ஆண்டு முதல் இரண்டையும் தனித்தனி இனங்களாகப் பிரித்துவிட்டது.

வடிவம் பிரிந்தாலும் குணத்தில் பெரும்பகுதி பொதுவானது. சங்கங்களின் குறிப்பேடுகளில் அகிதா அமைதியானது, விசுவாசமானது, கண்ணியமானது என்று எழுதியிருக்கும். பொய் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு மறுபக்கம் இருக்கிறது.

அமைதி என்றால் சும்மா குரைக்காது. அதனாலேயே அது குரைத்தால் கவனிக்க வேண்டும். குரைக்காமலே பாயவும் கூடும். மற்ற நாய்கள் காதை மடக்கி, வாலைத் தாழ்த்தி, உறுமி, முடியைச் சிலிர்த்துத் தங்கள் மனநிலையைக் காட்டிவிடும். அகிதாவின் காது எப்போதும் நிமிர்ந்தே நிற்கும், வால் எப்போதும் சுருண்டே கிடக்கும், முகத்தை அடர்ந்த முடி மூடியிருக்கும், கண் சிறியது. அதன் எச்சரிக்கையைப் படிக்கப் பழகாதவர்களுக்கு ஒன்றும் தெரியாது. “திடீரென்று கடித்துவிட்டது” என்று சொல்கிறார்களே, அதில் பாதி இதுதான்.

விசுவாசம் என்றால் தன் குடும்பத்துக்கு மட்டும். ஊருக்கெல்லாம் வாலாட்டும் நாய் அல்ல இது. வீட்டுக்கு வரும் விருந்தாளியை அது சந்தேகத்தோடுதான் பார்க்கும். உங்கள் பிள்ளையோடு பொறுமையாக இருக்கும். அதே பிள்ளையோடு பக்கத்து வீட்டுச் சிறுவன் ஓடிப்பிடித்து விளையாடிக் கத்தினால் அது விளையாட்டு என்று நாய்க்கு யார் சொல்வது? தீனித் தட்டுக்கு அருகே யாரும் வருவதை அகிதாக்கள் பல விரும்புவதில்லை. சொந்தப் பாலின நாயைக் கண்டால், குறிப்பாக ஆணுக்கு ஆண், ஒத்துப்போவது அரிது. ஓடாத்தே சண்டைக் களங்களின் மிச்சம் அது. பூனையையும் முயலையும் கண்டால் மத்தாகி மலையின் மிச்சம் விழித்துக்கொள்ளும்.

இதில் பலரை ஏமாற்றுவது வயது. குட்டியாக இருக்கும்போது எல்லாரிடமும் வரும், எல்லா நாயோடும் விளையாடும். பொம்மைபோல இருக்கும். ஒன்றரை, இரண்டு வயது நெருங்கும்போதுதான் உண்மையான குணம் தலைகாட்டும். அப்போது எடை 40 கிலோவைத் தாண்டியிருக்கும்.

2016 டிசம்பரில் இதற்கு உலகமே பார்த்த ஓர் உதாரணம் கிடைத்தது. 2011 நிலநடுக்கத்தின்போது செய்த உதவிக்கு நன்றியாக, அகிதா மாநில ஆளுநர் அடுத்த ஆண்டு ரஷ்ய அதிபர் விளாடிமிர் புட்டினுக்கு யுமே என்ற அகிதாவைப் பரிசளித்திருந்தார். பதிலுக்குப் புட்டின் ஒரு சைபீரியப் பூனையை அனுப்பியது தனிக் கதை. தம்மைப் பேட்டி காண வந்த ஜப்பானியச் செய்தியாளர்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்து, யுமேவை அறைக்குள் அழைத்து வந்தார் அதிபர். தாய்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று அது உருகவில்லை. அவர்களைப் பார்த்துக் குரைத்துத் தள்ளியது. யுமேவிடம் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதன் வீட்டுக்குள் தெரியாத ஆட்கள் வந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது ஹச்சிகோவுக்குத் திரும்புங்கள். ஒரே மனிதரோடு ஒட்டிக்கொண்டு, வேறு யாரையும் அந்த இடத்தில் வைக்க மறுத்து, அடித்தாலும் பின்வாங்காமல், தானே எடுத்த முடிவைப் பத்து ஆண்டுகள் மாற்றிக்கொள்ளாத நாய். மலையில் கரடியை மறித்து நின்ற அதே பிடிவாதம். அதே பிடிவாதத்தை மின்தூக்கிக்குள், அந்நியர்கள் நெருக்கமாக நிற்கும் இடத்தில், இன்னொரு நாய் எதிரே வரும்போது கற்பனை செய்து பாருங்கள். பட்டியலில் பெயர் சேர்த்த அதிகாரிகள் நினைத்தது அதைத்தான்.

ஹச்சிகோ கதை ஜப்பானில் 1987இலும், ரிச்சர்ட் கியர் நடித்து 2009இலும் திரைப்படமாக வந்தது. பார்த்து அழாதவர்கள் குறைவு. அழுதுவிட்டு, தடை இல்லாத ஊரில் இருக்கும் ஒருவர் குட்டி வாங்கக் கடைக்குப் போனால் அங்கேதான் சிக்கல். அவர் வாங்குவது ஹச்சிகோவை அல்ல. வீட்டில் யாராவது ஒருவர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். முதல் சில மாதங்களிலேயே பலவித மனிதர்களையும் சத்தங்களையும் காட்டிப் பழக்க வேண்டும். அடித்து வழிக்குக் கொண்டுவரலாம் என்று நினைப்பவரிடம் இந்த நாய் போகவே கூடாது. பனிக்காகப் படைக்கப்பட்ட இரட்டை ரோமத்தோடு நம் வெப்பத்தில் அது மூச்சிரைத்துக் கிடப்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது வயதில் ‘குணம் மாறிவிட்டது’ என்று கைவிடப்பட்டால், ஒரே குடும்பத்துக்கு மட்டும் மனம் கொடுக்கும் நாய் அடுத்த வீட்டுக்கு எளிதில் மனம் கொடுக்காது. ஹச்சிகோவே உறவினர் வீடுகளில் நிலைக்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

ஷிபுயாவில் இப்போது இருப்பது இரண்டாவது சிலை. முதல் சிலையைச் செய்த தெரு அந்தோ போரில் குண்டுவீச்சில் இறந்துவிட்டார். அவருடைய மகன் தக்கேஷி அந்தோ 1948இல் மறுபடியும் செய்தார். அடுத்த முறை படம் எடுக்கும்போது அதன் இடது காதைப் பாருங்கள். அது தொங்கியிருக்கும். வயதான காலத்தில் இன்னொரு நாய் கடித்ததால் ஹச்சிகோவின் காது அப்படி ஆனதாகச் சொல்வார்கள். அங்கிருந்து ரயிலேறி உவெனோ பகுதியிலுள்ள தேசிய இயற்கை அறிவியல் அரும்பொருளகத்துக்குப் போனால் ஹச்சிகோவின் உண்மையான தோலைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அங்கே இரண்டு காதுகளும் நேராக நிமிர்ந்து நிற்கின்றன.